அரைச் சுற்று

போன மாதம் என் பழைய டீசல் பம்ப் ரூமில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு மெக்கானிக்குகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். இப்போதெல்லாம் லாரிக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடுகிறது, திருப்புவதற்கு ஒரு திருகு கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துல லாரிப் புகையை எப்படிங்க கட்டுப்படுத்துனீங்க?" என்று கேட்டார்கள்.

நான் கட்டுப்படுத்தவில்லை, கட்டுப்படுத்த வந்த ஒரு மனுஷரைக் கவிழ்த்தேன் என்று சொன்னேன். கிழவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எண்பதைத் தாண்டிய ஆள் உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஆகவே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

ஐ.டி.ஐ. படித்தது, அப்ரண்டிஸாக மூன்று வருஷம் நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவியது, இதிலெல்லாம் விசேஷம் ஒன்றுமில்லை. அரியமங்கலத்தில் ஒரு டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் நிலையாக உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. பாலக்கரையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். எழுபதுகளில் திருச்சியைச் சுற்றி ஓடிய லாரிகளில் பாதிக்கு நான்தான் பம்ப் பார்த்தேன் என்று அப்போது சொல்லிக்கொள்வேன். பாதி இருக்காது. கால்வாசி இருக்கலாம்.

தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புவது இந்தப் பம்ப். அதிகபட்சம் இவ்வளவுதான் என்று நிறுத்துவதற்கு அதில் ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் வெளியே திருப்பிவிட்டால் டீசல் கூடப் போகும், வண்டி மலையில் நன்றாக இழுக்கும். ஆனால் கூடப் போன டீசல் முழுக்க எரியாது. எரியாத மிச்சம்தான் கரும்புகை. யாரும் திருப்பக் கூடாது என்பதற்காக அந்தத் திருகைக் கம்பியால் கட்டி, கம்பி முனையில் ஈயக் குண்டு ஒன்றை வைத்து, ஒர்க்‌ஷாப் எழுத்து பொறித்த இடுக்கியால் நசுக்கிவிடுவோம். அதுதான் சீல்.

சீல் வைப்பதும் நாங்கள்தான், உடைப்பதும் நாங்கள்தான். வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது இன்ஸ்பெக்டர் கண்ணில் புகை படக் கூடாது. முந்தின நாள் டிரைவர் வந்து நிற்பார், திருகை உள்ளே தள்ளிக் கொடுப்போம். எஃப்.சி. முடிந்து திரும்பி வருவார், வெளியே எடுத்துவிட்டுப் புது சீல் வைத்து அனுப்புவோம். இன்ஸ்பெக்டருக்கு ஒரு செட்டிங், மலைக்கு ஒரு செட்டிங். ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் நடைமுறை. இதைத் தப்பு என்று யாரும் சொன்னதுமில்லை, நான் நினைத்ததுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு எழுபதுகளின் பின்பாதியில் வேங்கடவரதன் சார் எங்கள் பம்ப் ரூம் பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், எஞ்சினியரிங் படித்தவர், என்னைவிட எட்டு வயது சின்னவர். நெற்றியில் ஒற்றைக் கோடாக மெல்லிய ஸ்ரீசூர்ணம். தினமும் காவேரிப் பாலத்தைச் சைக்கிளில் தாண்டி வருவார். வந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, அதை விரித்துப் பார்ப்பார். பாலத்தில் முன்னால் போன லாரிகள் அதில் கறுப்பாகப் படிந்திருக்கும். அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இந்த மனுஷருக்கு ஏதோ கோளாறு என்று முதல் வாரமே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டுத்தான் பம்ப் ரூமுக்குள் வருவார். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எண்ணெய் சூடாகும்வரை சும்மா ஓடவிடுவார். பிறகு வேகத்தை நிறுத்தி வைத்து, பம்ப் இருநூறு அடி அடிப்பதை எண்ணி, ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் விழுந்த எண்ணெயைப் பார்க்க வேண்டும். நாங்கள் உடனே பார்த்துக் குறித்துக்கொள்வோம். அவர் நுரை அடங்கும்வரை மனதுக்குள் முப்பது எண்ணுவார். உதடு அசைவது தெரியும். அப்புறம் முழங்காலை மடித்து, கண்ணைக் குழாயின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பார். நான் நின்றபடியே படிப்பதை ஒரு நாள் கவனித்துவிட்டார்.

"குனிஞ்சு பாருங்கோ சவரிமுத்து. நின்னுண்டு பார்த்தா நமக்கு வேண்டியதுதான் தெரியும்" என்றார்.

குரலை உயர்த்தியே பேச மாட்டார். திட்டவும் தெரியாது. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். பத்து வருஷம் எண்ணெயில் ஊறியவனுக்கு நேற்று வந்தவர் குழாய் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாரே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன்.

வந்த மாதமே இரட்டை செட்டிங்கை நிறுத்திவிட்டார். கம்பெனி சொன்ன அளவு ஒன்றுதான், எஃப்.சி.க்கும் அதே, மலைக்கும் அதே. சீல் இடுக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஒரு சாவியைத் தானும் இன்னொன்றை என்னிடமும் வைத்தார். டிரைவர்கள் ஒவ்வொருவராக வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதவரை வைத்து எப்படிக் கடை நடத்துவது என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

வேங்கடவரதன் சார் அசரவில்லை. சரியான அளவில் ஓட்டினால் டீசல் மிச்சமாகும், புகையும் போகும் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டிவிட்டால் லாரி முதலாளிகள் தாங்களே வருவார்கள் என்றார். டீசல் விலை ஏறியிருந்த காலம் அது. காந்தி மார்க்கெட்டிலிருந்து பெங்களூருக்கு வாழைத்தார் அனுப்பும் பழனியப்பன் என்ற லாரி முதலாளி இதைக் கேட்டு நேரே வந்தார். பதினான்கு வண்டி வைத்திருந்தவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். ஒரே வயசுள்ள இரண்டு வண்டிகளை ஒரு மாதம் தருகிறேன் என்றார். ஒன்று பழையபடி ஓடட்டும், இன்னொன்றுக்கு இவர் அளவில் சீல் வைக்கட்டும். சீல் வைத்த வண்டி குறைவாகக் குடித்தால் பதினான்கு வண்டிக்கும் வைத்துவிடலாம், மார்க்கெட்டில் மற்ற முதலாளிகளிடமும் தானே சொல்கிறேன் என்றார்.

அது வாய்ப்பேச்சு இல்லை. பழனியப்பன் சொன்னால் மார்க்கெட்டே கேட்கும். மார்க்கெட்டில் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் சந்துக்குள் நிற்க, மூட்டை தூக்குகிறவர்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறக்கிய நாட்கள் அவை. அந்தப் புகை குறைவதும் சாருடைய வேலை நிலைப்பதும் அந்த ஒரு மாதத்தைப் பொறுத்து இருந்தன. தோற்றால் டிரைவர் கேட்டபடி திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார்.

புகையை அளக்க எங்களிடம் கருவி எதுவும் இல்லை. சார் தன் பழைய வேட்டி ஒன்றைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக்கொண்டு வந்தார். புகைக்குழாயின் வாயில் துணியைக் கட்டி, ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்துப் பத்து எண்ணுவார். பிறகு துணியை அவிழ்த்து, வண்டி நம்பரும் தேதியும் பென்சிலால் எழுதுவார். சீல் வைத்த அன்று எடுத்த துணி லேசான சாம்பல் நிறத்தில் இருந்தது. இன்னொரு வண்டியின் துணி அடுப்புக்கரியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சீல் வைத்த வண்டியின் டிரைவர் காதர் பாய். என் சிநேகிதர். மார்க்கெட்டில் அவர் வண்டி என்றால் கடிகாரம் என்பார்கள், அவ்வளவு நேரம் தவறாதவர். முதல் நடையிலேயே தொப்பூர் மலையில் வண்டி இழுக்காமல் நின்று நின்று ஏறி, பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. மண்டிக்காரர் நாலு பேர் எதிரில் அவரைப் பேசிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷத்துல ஒருத்தன் என்னைய லேட்டுன்னு சொன்னதில்ல சவரி" என்றார். "அரைச் சுத்து போதும். இந்த ஒரு மாசத்த ஒப்பேத்திட்டாப் போதும்."

நியாயமாகப் பார்த்தால் நான் அவரை அழைத்துக்கொண்டு சாரிடம் போயிருக்க வேண்டும். பாரம் அதிகம் ஏற்றுகிறார்கள், மலையில் இழுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நாலு தார் குறைத்து ஏற்றச் சொல்லி பழனியப்பனிடம் பேசியிருப்பார். நான் அப்படிச் செய்யவில்லை. காதர் பாய்க்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள் பார்த்தாயா, படித்தவரின் அளவு மலையில் செல்லவில்லை பார்த்தாயா என்ற குஷி மறுபாதி. அன்றே, பட்டப்பகலில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, சீலை வெட்டி, அரைச் சுற்று வெளியே எடுத்து, என்னிடம் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்து அதே இடுக்கியால் புது சீல் வைத்தேன். பத்து நிமிஷ வேலை. அரைச் சுற்று என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மாதம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு வண்டிகளும் வந்து நின்றன. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்த்தார்கள். பழனியப்பனும் நின்று பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குடித்திருந்தன. சார் வேட்டித் துணியைக் காதர் பாய் வண்டியின் புகைக்குழாயில் கட்டினார். நான்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மெதுவாக மிதிக்கலாமா என்று கூட ஒரு நிமிஷம் யோசித்தேன். துணி கரியாக வந்தது.

அவர் எஞ்சின் பக்கம் குனிந்து சீலைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சீல் நம்மளோடதுதானே?"

"நம்ம சீல்தான் சார்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் என்பது அவர் முகத்தில் இருந்திருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. வண்டி இங்கேயே நிற்கட்டும், திங்கட்கிழமை பம்பை இறக்கி பெஞ்சில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். பெஞ்சில் போட்டால் ஆறு குழாயும் காட்டிக் கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அரைச் சுற்றைத் திரும்ப உள்ளே தள்ளி, இன்னொரு சீல் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு முறை கை கழுவினார். பம்பை நான் ஏற்றினேன். எண்ணெய் சூடாகும்வரை காத்திருந்தார். இருநூறு அடி. முப்பது எண்ணினார். முழங்காலை மடித்துக் குனிந்து பார்த்தார். ஆறு குழாயிலும் எண்ணெய் அவர் வைத்த அளவிலேயே நின்றது. மறுபடி ஓட்டச் சொன்னார். அதே அளவு. மூன்றாம் முறை ஓட்டினோம். எழுந்திருக்காமல் அப்படியே குழாய்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தேன்.

"பம்ப் மேல தப்பில்லை" என்றார் கடைசியில். "ஒரே மாசத்துல நாசில் போறது, ஏர் ஃபில்டர் அடைச்சுக்கறது. நம்ம ரோட்டுல பம்பை மட்டும் சரி பண்ணிப் பிரயோஜனம் இல்லை போலிருக்கு. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் மாற்றிவிட்டு இன்னொரு மாதம் பார்க்க வேண்டும் என்று பழனியப்பனிடம் கேட்டுப் பார்த்தார். அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். அந்த வாரமே அவருடைய வண்டிகள் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போயின. மாதக் கடைசியில் வேங்கடவரதன் சார் வேலையை விட்டார். போகிற அன்று என்னிடம் வந்து, தன்னால் எனக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். என்னிடம்! நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அவர் போன பிறகு பம்ப் ரூமுக்கு நான்தான் பொறுப்பாளன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குப் பதவி உயர்வு. இன்ஸ்பெக்டர் செட்டிங்கும் மலை செட்டிங்கும் பழையபடி நடந்தன.

தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் செபம் சொல்லச் சொன்னதோடு விடவில்லை, அந்த மனுஷரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். செபத்தைச் சொல்லி முடித்தேன். மற்றதைத் தள்ளிப் போட்டேன். அடுத்த தவக்காலத்தில் வேறு பங்குக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே இந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை.

பத்து வருஷம் போயிற்று. எண்பதுகளின் கடைசி. அரசாங்கம் லாரிப் புகையை அளக்க ஆரம்பிக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. மார்கழியில் ஒரு நாள், வேங்கடவரதன் சார் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என்ன ஆனாலும் இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். உத்தர வீதியில் அவர் அப்பாவின் வீடு. ஊரே கூட்டம். அவர் முன்பைவிடச் சதை போட்டிருந்தார், தலை முன்பக்கம் வழுக்கை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

வடக்கே ஒரு பெரிய லாரி கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் ஊர் லாரிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாதாம். சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார். எல்லாப் பம்புக்கும் சரியான அளவில் சீல் வைத்துவிடலாமா, புகை குறையுமா என்று அங்கே மேலிடத்தில் கேட்டார்களாம். "நான் திருச்சியிலே பண்ணிப் பார்த்தாச்சு, ஒரே மாசத்துல பழையபடி ஆயிடறது, வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்கதானே கூட இருந்தேள்" என்றார்.

இவர் ஒருவரைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். போன இடத்தில் எல்லாம் என் பொய்யைத் தன் அனுபவம் என்று சத்தியமாகச் சொல்லி வந்திருக்கிறார். அவர் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நான் எழுந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காதர் பாய், முதல் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு திருப்பினேள்?"

"அரைச் சுத்து சார்."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ அந்த அளவு சரிதான்" என்றார். அந்த மலர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "அங்கே அத்தனை வண்டிக்கும் வேண்டாம்னுட்டேனே சவரிமுத்து" என்றார். என்னை ஒரு வார்த்தை கூடக் கடிந்து சொல்லவில்லை. உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து, அங்கேயே உட்கார்ந்து தன் கம்பெனிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். திருச்சியில் செய்த சோதனை செல்லாது, தன் கவனக்குறைவால் அது கெட்டுவிட்டது, தான் சொன்னதை நம்பி முடிவு எடுக்க வேண்டாம் என்று எழுதினார். எழுதியதை என்னிடம் படித்தும் காட்டினார்.

அது உங்கள் கவனக்குறைவு இல்லையே, என் பெயரை எழுதுங்கள் என்றேன்.

"சீல் என்னோட பொறுப்பு. என் பேர்தான் வரணும்" என்றார்.

நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். பேனாவைப் பிடுங்கி நானே எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தால் அங்கே அவருடைய மதிப்பு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் இன்னும் பொறுப்பாளன், ரிட்டையராக ஏழெட்டு வருஷம் இருந்தது. உங்கள் இஷ்டம் சார் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டேன். கடிதத்தை ஒட்டி என்னிடமே கொடுத்து, போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொன்னார். மறக்காமல் சேர்த்தேன். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது என் பெயர் அதில் இல்லையே என்று நினைத்துப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.